முப்பத்தைந்து கிலோ மூடி

பருத்திப்பட்டு ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டின் முன்னால் ஆட்டோ நின்றபோது பகல் பதினோரு மணி. பேய் வீட்டுக்குப் போய் இறங்குகிற நேரமா அது? நல்ல வெயில். எதிர் வீட்டு மாடியில் துணி காய்ந்தது. யாரோ சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்கள். மடியில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டிருந்த நான் ஆட்டோவிலிருந்து இறங்கவே ஐந்து நிமிடம் ஆனது. கையை ஊன்றக் கூடாது, கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. உட்கார்ந்தபடியே நகர்ந்து, காலைத் தரையில் வைத்து, தொடை பலத்தில் மட்டும் எழ வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

என் பெயர் கோதண்டம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் இரும்பு அச்சுகளைத் தூக்கி மாட்டியவன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் எனக்கு பைபாஸ் ஆப்பரேஷன் நடந்தது. மார்பெலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வேலையை முடித்து, ஆறு ஸ்டீல் கம்பிகளால் முறுக்கிக் கட்டி மூடியிருந்தார்கள். எலும்பு சேர மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. எதையும் இழுக்கவோ தள்ளவோ கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். மாடி ஏறுவதும் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். எங்கள் சொந்த வீடு திருமுல்லைவாயிலில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு இந்தத் தரைத்தள வீடு.

"அந்தக் கம்பி அறுந்துச்சுன்னா இன்னா சார் ஆவும்?" என்று என் பெண்டாட்டி கன்னியம்மா டாக்டரிடம் கேட்டிருந்தாள்.

"மறுபடி திறக்கணும்மா. ரெண்டாவது தடவை திறந்தா இவர் தாங்குவாரான்னு சொல்ல முடியாது."

அன்றிலிருந்து அவள் எனக்கு எடை போட ஆரம்பித்துவிட்டாள். அரை லிட்டர் பால் பாக்கெட் நான்கு சேர்ந்தால் இரண்டு கிலோ. "நாலு பாக்கெட்டுதான்யா உன் அளவு. அஞ்சாவது பாக்கெட்ட தொட்டேன்னு வெச்சிக்க, நானே கைய ஒடிச்சி அடுப்புல வெச்சிருவேன்" என்பாள். செய்யக்கூடியவள்தான்.

வீட்டுக்காரர் ரகுநாதன் சாவியோடு காத்திருந்தார். தெருவைப் பார்த்து ஒரு தள்ளு கேட். அதைத் தாண்டினால் கார் நிறுத்துகிற ஷெட், பிறகு வீடு. கேட்டின் சக்கரம் துருப்பிடித்திருந்தது. திறக்க ரகுநாதன் உடம்பையே சாய்த்து இழுத்தார். ஷெட்டின் நடுவில், தரையோடு தரையாக ஒரு சதுர இரும்பு மூடி இருந்தது. அதற்கடியில் தண்ணீர்த் தொட்டி, எங்கள் பக்கத்தில் சம்ப் என்போம். மூடியின் ஒரு பக்கம் கீல், மறு பக்கம் தூக்குவதற்கு ஒரு வளையம். சுவரில் ஒரு கொக்கி இருந்தது. மூடியைத் திறந்தால் அந்த வளையத்தைக் கொக்கியில் மாட்டி நிறுத்திவிடலாம்.

இரும்பைப் பார்த்தாலே எனக்கு எடை தெரியும். அது முப்பத்தைந்து கிலோ. பால் பாக்கெட்டில் எழுபது.

"ரொம்ப நாளா வீடு காலியா கெடந்துச்சா சார்?" என்று கேட்டேன்.

"ஆள் சரியா அமையல" என்று சுவரோரம் இருந்த தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார் ரகுநாதன். "சம்ப் மூடிய மட்டும் எப்பவும் மூடியே வெச்சிடுங்க."

கன்னியம்மா பட்டாபிராமில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மதியம் மூன்றுக்குத்தான் வருவாள். போகும்போது கேட்டை இழுத்துச் சாத்திவிட்டுப் போவாள். பூட்டெல்லாம் போடுவதில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. அந்தத் துருப்பிடித்த கேட்டை இழுத்தால் என் மார்பு பிளந்துகொள்ளும். ஒரு கேட், ஒரு ஷெட், இரண்டு அறை, இதுதான் என் உலகம். ஜெயிலில்கூடக் கம்பியைப் பிடித்து உலுக்க விடுவார்கள். எனக்கு அந்தச் சுதந்திரமும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை, பத்து மணி சுமாருக்கு, முதல் சத்தம் கேட்டது.

டங். டங். டங்.

கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஒரு டங்.

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அதே நேரம் அதே சத்தம். மூன்று, பிறகு ஒன்று. மூன்றாம் நாள் எழுந்து ஷெட்டுக்குப் போனேன். சத்தம் மூடிக்கடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் நெருங்கியதும் நின்றுவிட்டது. வெயில் நேராக அந்த இரும்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது. தொட்டால் சுட வேண்டும். காலைச் செருப்பிலிருந்து எடுத்துப் பெருவிரலால் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் பெட்டியைத் தொட்டதுபோல ஜில்லென்று இருந்தது. மூடியின் இடுக்கிலிருந்து பாசி வாடை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாடை, நாள்பட்ட ஈரத்துணியின் வாடை.

கன்னியம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆப்பரேஷனுக்குப் பிறகு சிலருக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். இதையும் சொன்னால் வேலையை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். பாவம், பத்து வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள்.

ஒரு வாரம் கழித்துக் குரல் கேட்டது.

"அண்ணாத்தே… ஒரு கை…"

இங்கே எங்கள் ஷாப் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய அச்சைத் தூக்கும்போது பாரம் தாங்கவில்லை என்றால் "ஒரு கை!" என்று ஒருவன் குரல் விடுவான். பக்கத்தில் இருப்பவன் யார், என்ன, ஏன் என்றெல்லாம் கேட்க மாட்டான். டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து பிடிப்பான். யோசிக்கிற நேரத்தில் ஒருவனுடைய கால் நசுங்கிவிடும். அதற்கு இன்னொரு பாதியும் உண்டு. உனக்குக் கை கொடுத்தவன் என்றைக்குக் கூப்பிட்டாலும் நீ போயே ஆக வேண்டும். சூப்பர்வைசரோடு சண்டை, சாப்பாட்டு நேரம், எந்தச் சாக்கும் செல்லாது. முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் குரலுக்கு நான் போகாமல் இருந்ததே இல்லை. என் மண்டைக்கு முன்னால் என் கை போய்விடும்.

அன்றும் போய்விட்டது.

நான் எப்போது நாற்காலியிலிருந்து எழுந்தேன், எப்போது ஷெட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. குனிந்து, வளையத்துக்குள் நான்கு விரலை நுழைத்திருந்தேன். தையல் சுருக்கென்று இழுத்தபோதுதான் நினைவு வந்தது. விரலை உருவிக்கொண்டு பின்வாங்கினேன். அந்தக் குரலைவிட என் கையை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

எதிர் வீட்டு நாகம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அடுத்த நாள் காலை கேட் கம்பி வழியாக மாவுப் பொட்டலத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"இந்த ஊட்ல இதுக்கு முன்னாடி யாரு இருந்தாங்கோ?"

அவள் முகம் மாறிவிட்டது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"உனுக்கும் கேக்குதா அண்ணாத்தே?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஜெகன்னு ஒருத்தன். எஸ்டேட்ல வேல, தனியாத்தான் இருந்தான், தங்கமான ஆளு. மூணு வருசம் ஆவுது. சம்ப கய்வுறேன்னு உள்ள எறங்கிகீறான். மூடி விய்ந்துருச்சு. குழாய்ல தண்ணி வர்ற நேரம் வேற. ரெண்டு நாளு கயிச்சி வாட வந்தப்புறம்தான் தொறந்து பாத்தாங்கோ."

"யாருக்கும் கேக்கலியா?"

நாகம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"தெருவுக்கே கேட்டுச்சி அண்ணாத்தே. ரெண்டு மணி நேரம் டங்கு டங்குன்னு தட்டிகினே இருந்தான். எங்கியோ சென்ட்ரிங் வேல நடக்குதுன்னு நெனச்சிகினோம். நான் மாவு அரச்சிகினே கேட்டுகினு இருந்தேன்."

அன்று மதியம் சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டேன். ஒரு ஆள் இரண்டு மணி நேரம் கை கேட்டிருக்கிறான். ஒரு தெருவே கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகுதான் உறைத்தது, நானும் அதே தெருவில்தான் குடியிருக்கிறேன், அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று.

மறுநாள் சத்தம் வந்ததும் நாற்காலியை மூடிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"நைனா" என்றேன். "நானும் எஸ்டேட் ஆளுதான். கை குடுக்கக் கூடாதுன்னு இல்ல. என் நெஞ்ச அறுத்துக் கட்டி வெச்சிகீறாங்கோ. மூணு மாசம் பொறுத்துக்க. எலும்பு சேரட்டும். நானே வந்து தூக்குறேன், சத்தியமா."

சத்தம் நின்றது.

நல்ல வேலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். செத்தவனுக்கு வாக்குக் கொடுக்கிற அளவுக்குப் புத்தி கெட்டுப் போயிருந்தது. அதன் பிறகும் அவன் தட்டினான். ஆனால் அவசரமில்லாமல், நான் இருக்கிறேன் என்று ஞாபகப்படுத்துகிற மாதிரி, மூன்று, பிறகு ஒன்று. நான் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

இதையும் கன்னியம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை அதை நினைத்து நெஞ்சு எரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கன்னியம்மாவுக்கு லீவு. காலையில் குளித்துவிட்டு வந்தவள் கையை மோந்து பார்த்தாள்.

"இன்னாய்யா தண்ணி இப்டி நாறுது? எலி கிலி செத்துப் பூட்ச்சா?"

"கம்முனு உடு. வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொல்லு, ஆள் வெச்சிக் கய்வட்டும்."

"அவரு வந்துட்டாலும்…" என்று உதட்டைச் சுழித்தாள்.

மதியம் சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, தலைக்கு இரண்டு தலையணை வைத்து என்னை மல்லாக்கப் படுக்கவைத்தாள். "நான் ஆவடி மார்க்கெட் வரிக்கும் போய்ட்டு வர்றேன். நாயிறு கூட்டமா இருக்கும், லேட்டாவும். எய்ந்து சுத்திகினு இருக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டை இழுத்த சத்தம் கேட்டது. மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது நாலு மணி. ஷெட்டிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அன்றும் சம்ப்புக்குள் தண்ணீர் கொட்டுகிற இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவில், டங் டங் டங் டங் டங்.

"இன்னிக்கு இன்னா நைனா உனுக்கு அவசரம்" என்று சொல்லிக்கொண்டே டி.வி.யைப் போட்டேன்.

சத்தம் நிற்கவில்லை. டி.வி.யை இன்னும் கூட்டினேன். ஏதோ குரலும் அடியிலிருந்து வந்தது, தண்ணீர் இரைச்சலில் சொல் பிரியவில்லை. ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தேன். முப்பது, நாற்பது, ஐம்பது. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காதுக்குள் ஏதோ விளம்பரம் அலறிக்கொண்டிருந்தது. சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது.

எப்போதும் மூன்று தட்டு, பிறகு ஒன்று. இன்று மட்டும் ஏன் எண்ணிக்கை இல்லாமல்?

அந்தக் கேள்வி அப்போதுதான் எனக்கு வந்தது.

டி.வி.யை அணைத்தேன். கன்னியம்மாவுக்குப் போன் போட்டேன்.

அவள் போன் ஷெட்டில் மணியடித்தது.

மோட்டார் சுவிட்ச் பெட்டியின் மேல் போன் இருந்தது. பக்கத்தில் அவள் கழற்றி வைத்த வளையல். மூடியின் ஓரத்தில் அவளுடைய நீலச் செருப்பு, ஜோடியாக, ஒழுங்காக. மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, நான் தூங்கும்வரை காத்திருந்து, மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறாள். ஏன் பொய் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சம்ப் கழுவுகிறாள் என்று தெரிந்தால் நான் கை கொடுக்க வந்துவிடுவேன். என் நெஞ்சைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்.

"கன்னி! கன்னிமே!"

"யோவ்…" கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் குரல். "களுத்து… களுத்து வரிக்கும் வந்துருச்சுயா…"

கத்தினேன். நெஞ்சு அறுத்தவன் கத்தினால் எவ்வளவு தூரம் போகும்? என் குரல் கேட்டையே தாண்டவில்லை. எதிர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. நாகம்மா கடைகளுக்கு மாவு போடப் போகிற நேரம் அது. கேட்டுக்கு வெளியே தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கடப்பாரை எதுவும் இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று மாத வாடகை வீட்டில் கடப்பாரைக்கு எங்கே போவது?

உள்ளே தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

எழுபது பால் பாக்கெட்.

தோளில் கிடந்த துண்டை வளையத்தில் நுழைத்து, இரண்டு முனையையும் கையில் சுற்றினேன். முதுகை நிமிர்த்திக் குந்தினேன். தொடையால் தூக்கு, கையால் தூக்காதே. முப்பத்தோரு வருஷம் புதுசாக வந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது. மூச்சைப் பிடித்து எழுந்தேன்.

மூடி ஒரு விரற்கடை அசைந்தது. என் நெஞ்சுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். எங்கள் ஷாப்பில் கம்பி அறுகிறபோது அப்படித்தான் கேட்கும். கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகிவிட்டது. மூடி மறுபடி உட்கார்ந்தது.

இரண்டாவது தடவை இழுத்தேன். இன்னொரு 'டிக்'. மூடி அசையவே இல்லை.

என் பெண்டாட்டி என் காலுக்கடியில் செத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் எனக்குச் சோறு போட்டவள். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையில் என் வாய் தானாகவே கத்தியது.

"ஒரு கை! ஒரு கை குடுங்கடா!"

மூடி எடையிழந்தது.

வளையத்துக்கு மறுபக்கம் யாரோ பிடித்த மாதிரி, பழகிய ஆள் பிடித்த மாதிரி, பாரம் சரிபாதியாக இறங்கியது. முப்பத்தைந்து கிலோ இரும்பு சத்தமில்லாமல் எழுந்து சுவரில் சாய்ந்தது. நான் கொக்கியைத் தொடவே இல்லை. வளையம் கொக்கியில் மாட்டிக்கொண்டது.

எட்டிப் பார்த்தேன். கறுத்த தண்ணீருக்கு மேல், இடுப்புவரை வெளியே தெரிய, கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்து, உடம்பை மேலே தள்ளிப் புரண்டு தரையில் விழுந்தாள். நான் அவள் பக்கத்தில் சரிந்தேன். அதன் பிறகு எனக்கு நினைவில்லை.

நாகம்மா மாவு போட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்துத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், நான் கண் திறந்து பேசுகிற நிலைக்கு வந்ததும், கன்னியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் என் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மூடிய கொக்கில மாட்டிட்டுத்தான்யா எறங்குனேன். ரெண்டு தபா இய்த்துப் பாத்தேன். எப்டி விய்ந்துச்சின்னு தெரில."

"உடு. நீ பொயச்சிகினியே, அது போதும்."

"அதில்லயா." ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டாள். "அந்த சம்ப் ஏளு அடி ஆழம். நான் அஞ்சடிகூட இல்ல. போட்டுகினு எறங்குன பிளாஸ்டிக் ஸ்டூலு தண்ணில மெதந்து பூட்ச்சு. நீ தொறந்தப்போ நான் இடுப்பு வரிக்கும் மேல நின்னுகினு இருந்தேனே, எது மேலயா நின்னுகினு இருந்தேன்?"

நான் தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.

"தோளு மாதிரி இருந்துச்சு" என்று கிசுகிசுத்தாள். "ரெண்டு தோளு. கால்ல முடி பட்டுச்சுயா."

ஆறு கம்பிகளில் இரண்டு அறுந்திருந்தன. மற்ற நான்கும் பிடித்துக்கொண்டிருக்கின்றன, இப்போது மறுபடி திறந்தால் ஆபத்து, அசையாமல் இருந்தால் எலும்பு தானாகச் சேர வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம். நாலு பாக்கெட் இப்போது இரண்டு பாக்கெட் ஆனது. எவ்வளவு எடை தூக்கினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தனி ஆளாக முடியவே முடியாது என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பருத்திப்பட்டு வீட்டுக்கு நாங்கள் திரும்பவில்லை. திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு ஆட்கள் நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி இரண்டாவது மாடியில் வைத்தார்கள். கீழே சம்ப் கிடையாது, கார்ப்பரேஷன் தண்ணீர் நேராக மொட்டை மாடித் தொட்டிக்குப் போகிறது. அதைக் கன்னியம்மா நான்கு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஜெகனுடைய கதையை இப்போது அவளிடம் சொல்லியிருந்தேன். நான் கொடுத்த வாக்கையும் சொன்னேன். "தூக்குறேன்னு சொன்ன, தூக்கிட்ட. முடிஞ்சிச்சி" என்றாள். எனக்கும் அந்த நிம்மதி இருந்தது.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் மதியம் மல்லாந்து படுத்திருந்தேன். பக்கத்தில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

டங். டங். டங்.

பிறகு ஒன்று.

அவள் தலை நிமிர்ந்தது. "எங்கந்து வருது?"

எனக்குத் தெரிந்தது. விரலால் காட்டினேன்.

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு வந்து, குனிந்து, என் நெஞ்சுத் தழும்பின் மேல் காதை வைத்தாள். அவளுடைய முடி என் மூக்கில் உரசியது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். எழுந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"தண்ணி சத்தம் கேக்குதுயா" என்றாள். "உள்ள யாரோ கை கேக்குறாங்கோ."

எலும்பு சரியாகச் சேராவிட்டால் அப்படிச் சத்தம் வரும் என்று டாக்டர் போனில் சொன்னார். இருக்கலாம். படித்தவர். ஆனால் நான் அன்று ஷெட்டில் ஒரு கை கேட்டேன், ஒருவன் வந்து பிடித்தான். கை கொடுத்தவன் கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். மறுநாள் மதியத் தூக்கத்திலிருந்து வலியோடு விழித்தபோது என் வலது கை தழும்பின் மேல் இருந்தது. நான்கு விரலும் மடங்கி, மேல்முனையில் தோலுக்குள் நகம் பதிந்து, தூக்குவதற்கு வளையத்தைத் தேடிக்கொண்டிருந்தது. சட்டையெல்லாம் ரத்தம்.

அதற்கப்புறம் கன்னியம்மா வேலைக்குப் போவதில்லை. நான் தூங்கும்போது என் இரண்டு கைகளையும் துண்டால் கட்டில் சட்டத்தோடு கட்டிவிடுகிறாள். இறுக்கமாக, ஆனால் வலிக்காமல். கட்டும்போதெல்லாம் அழுகிறாள். நான்தான் இன்னும் இறுக்கு என்கிறேன். மல்லாந்து படுத்து, கை இரண்டும் கட்டுண்டு, நெஞ்சுக்குள் ஒருவன் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். எலும்பு சேர இன்னும் அறுபத்திரண்டு நாள்.

இன்று மதியம் அவள் பால் வாங்கக் கீழே போனாள். ஐந்து நிமிடம்தான்.

மூன்று தட்டு. பிறகு ஒன்று.

கண்ணைத் திறந்து வலது பக்கம் பார்த்தேன். துண்டின் முடிச்சு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அது அவிழ்ந்திருந்தது.